லக்தர் வாய் திறந்த மத்தியானம்

லக்தர் வீட்டில் மனம்விட்டுப் பேசுவது ஒரு குருவியோடு மட்டும்தான்.

மக்னின் குருவி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உடம்பு, முகத்தில் மாதுளைச் சிவப்பு, இறகில் மஞ்சள் கோடு. அல்ஜீரியாவின் அன்னாபா நகரத்து ஆண்களில் பாதிப் பேருக்கு இந்தக் குருவிப் பித்து உண்டு. லக்தருக்குக் கொஞ்சம் அதிகம். விடிந்ததும் பால்கனிக்குப் போய்க் கூண்டின் மேல் போர்த்திய துணியை விலக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"என் கண்ணே, முழிச்சிட்டியா? ராத்திரி குளிருச்சாடா? வெள்ளரிக்கா நறுக்கி வெச்சிருக்கேன் பாரு. என் உசுரே, ஒரு பாட்டுப் பாடு, கேட்டுட்டுக் காபி குடிக்கிறேன்."

சமையலறையில் ரவை ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும் அவர் மனைவி நுவாராவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு செருமல் வரும். அது அவளுக்கு. ஒற்றைச் செருமல் என்றால் காபி. இழுத்துச் செருமினால் சாப்பாடு எடுத்து வை. வாசலில் நின்று செருமினால் வெளியே போகிறேன், கதவைச் சாத்திக்கொள்.

எல் ஹஜார் எஃகு ஆலையில் வாலிபம் முழுக்கக் கிரேன் ஓட்டியவர் லக்தர். தலைக்கு மேலே ஒரு கண்ணாடி அறைக்குள் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே நிற்பவன் கையை ஆட்டினால் இரும்பைத் தூக்க வேண்டும், வேறு மாதிரி ஆட்டினால் இறக்க வேண்டும். பேச்சே வேண்டாத வேலை. ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. மனைவியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. வெளியில் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால் 'வீடு' என்பார். "வீட்டுக்குத் தலைவலி." "வீடு மகளைப் பார்க்கப் போயிருக்கு." அவருடைய அப்பாவும் அப்படித்தான் சொல்வார். காபிக்கடையில் கூட உட்காருகிற நண்பர்களிலும் பலர் அப்படித்தான்.

மற்றபடி குறை சொல்ல முடியாத மனிதர். சந்தைக்குப் போனால் தக்காளியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து நல்லதை மட்டும் எடுத்து வருவார். குளிர்காலத்தில் நுவாராவின் முழங்கால் பிடித்துக்கொள்ளும். வெந்நீர்ப் பையை அவரே நிரப்பி, அவள் படுக்கும் பக்கத்தில் போர்வைக்குள் செருகிவிட்டு, திருடன் மாதிரிச் சத்தமில்லாமல் போய்விடுவார். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தால் அவருக்குப் பதில் தெரிந்திருக்காது. யாரும் கேட்கவுமில்லை.

அந்த வருஷம் குளிர் முடிகிற சமயத்தில் நுவாராவுக்கு உடம்பு படுத்த ஆரம்பித்தது. பின்மண்டையில் வலி. படுத்தால் தூக்கமில்லை. ஒருநாள் மாவு பிசைந்துகொண்டிருந்தவள் தலை சுற்றி அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஸ்கிக்தாவில் மருந்துக்கடை வைத்திருக்கும் மகள் ஸிஹாம் ஓடி வந்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். ரத்த அழுத்தம். மாத்திரை கொடுத்தார்கள். இறங்கவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள். கொஞ்சம் இறங்குவதுபோல் காட்டி மறுபடி ஏறிக்கொண்டது. ஸிஹாம் வீட்டிலேயே ஒரு அழுத்தமானி வாங்கி வைத்துவிட்டு, உப்பு டப்பாவை அலமாரியின் உச்சியில் ஏற்றிவிட்டு, பக்கவாதம் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று அம்மாவுக்குப் பாடம் நடத்திவிட்டுப் போனாள். வாய் கோணுகிறதா, கை தூக்க முடிகிறதா, பேச்சு குழறுகிறதா. நுவாரா எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டாள்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது மகளால் வர முடியவில்லை. லக்தர்தான் துணைக்குப் போனார்.

டாக்டர் ரிம் நடுவயசுக்காரி, கலகலப்பானவள். அழுத்தத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?"

"தவறாமப் போடுறேன்."

"உப்பு?"

"உப்பு டப்பாவ எடுக்கணும்னா எனக்கு ஏணி வேணும் டாக்டர்."

"தூக்கம்?"

"அது வந்தா வரும்."

"மனசுல எதாவது போட்டுக் குமைஞ்சிட்டிருக்கீங்களா? வீட்டுல யார்கிட்டப் பேசுவீங்க?"

நுவாரா சிரித்தாள். "பேச்சா? எங்க வீட்டுல பேச்செல்லாம் குருவிக்குத்தான் டாக்டர். எனக்குச் செருமல்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. கைப்பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். லக்தர் சுவரில் தொங்கிய இதயப் படத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹாஜி, இங்க பாருங்க," என்றாள் டாக்டர்.

"நான் என்ன குறை வெச்சேன் டாக்டர்? வீட்டுக்கு என்ன வேணும்னு கேளுங்க. இல்லைன்னு சொன்னது கிடையாது."

"குறை வெச்சீங்கன்னு நான் சொல்லலையே. பாசம் இருக்குன்னு தெரியுது. இல்லாட்டி இங்க வந்து உக்காந்திருக்க மாட்டீங்க. அதை வாயால சொல்றீங்களா, கையைப் பிடிச்சு உக்காருறீங்களான்னுதான் கேக்கிறேன். மனுஷ உடம்பு அதைக் கவனிக்கும் ஹாஜி. ஒருத்தர் பக்கத்துல இருக்காரு, நம்ம மேல பிரியமா இருக்காருன்னு தெரிஞ்சா இறுக்கம் தளரும், தூக்கம் வரும். மாத்திரைக்குப் பதிலா இதுன்னு நான் சொல்லல. மாத்திரையோட சேத்து இதுவும்."

"இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான் மாத்திரையும் போடுறோம்."

இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். லக்தருக்குக் கோபம் ஒருபக்கம். அதைவிட அதிகமாக, நுவாரா குனிந்துகொண்ட அந்த நொடி நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அவள் அழுவதை அவர் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுநாள் காபிக்கடையில் டொமினோ ஆட்டம். எதிரே ஃபுதில். அதே கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரர், டாக்ஸி ஓட்டுகிறவர். ஒரு ரகசியத்தை அவரிடம் சொன்னால் மாலைக்குள் துறைமுகம்வரை போய்விடும். லக்தருக்கு அது தெரியும். ஆனாலும் வேறு யாரைக் கேட்பது?

"ஃபுதில், எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு இருக்கான்."

"ம்."

"அவனுக்கு, வீட்டுல, நல்லதா நாலு வார்த்தை சொல்லணும். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

ஃபுதில் டொமினோவைக் கீழே வைத்துவிட்டு நண்பரின் முகத்தை நிதானமாகப் பார்த்தார். "அந்த ஆளு கிரேன் ஓட்டினவனா?"

"எவனா இருந்தா உனக்கென்ன?"

"சரி சரி, கோவிச்சுக்காதே. நான் எங்க ஸகியாவ 'என் மானே'ன்னு கூப்பிடுவேன். தெனம். கல்யாணம் ஆன நாள்லருந்து."

"அவங்க என்ன சொல்லுவாங்க?"

"'என்ன வேணும் கழுதை'ன்னு கேப்பா. மானும் கழுதையுமா குடும்பம் நல்லாத்தான் ஓடுது." ஃபுதில் மேஜைமேல் குனிந்தார். "இதுல என்னய்யா கஷ்டம்? குருவிகிட்ட உருகுறியே, தெருவே கேக்குது. அதையே கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நின்னு சொல்லு."

சொல்வது சுலபம். லக்தர் பால்கனியில் நின்று ஒத்திகை பார்த்தார். குருவியைப் பார்த்தால் வார்த்தை தேனாக ஓடியது. சமையலறைப் பக்கம் திரும்பினால் தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல நின்றது. ஒருதரம் தைரியத்தைத் திரட்டிக் கொஞ்சம் உரக்கவே, "என் கண்ணே, நீ இல்லாட்டி இந்த வீடு வீடா?" என்றார். உள்ளேயிருந்து நுவாராவின் குரல் வந்தது. "குருவிக்கு இன்னிக்கு என்ன, பொறந்த நாளா?"

பூ வாங்கிப் பார்த்தார். ஒரு கொத்து வெள்ளை மல்லிகை. வாசலில் அவளைப் பார்த்ததும் வாய் தானாக வேறு எதையோ சொன்னது. "இந்தா. கடைக்காரன் சும்மா குடுத்தான். வாடிப்போனதுபோல."

"வாடலையே, நல்லாத்தானே இருக்கு," என்று நுவாரா அதைத் தண்ணீர்க் குவளையில் போட்டு வைத்தாள். மூன்று அறைக்கும் மணத்தது. அவர் போய்க் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன்னையே திட்டிக்கொண்டார்.

பிறகு வந்தது அந்த வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்தவருக்கு நுவாரா சூப்பும், இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த பூரெக்கும் எடுத்து வைத்தாள். உப்பில்லாத சூப். கொத்தமல்லியும் எலுமிச்சையும் தாராளமாகப் போட்டு எப்படியோ ருசியைக் கொண்டுவந்திருந்தாள். எதிரே உட்கார்ந்து, பின்மண்டையை ஒரு கையால் அழுத்திக்கொண்டே சாப்பிட்டாள். அதைப் பார்த்ததும் லக்தர் முடிவு செய்துவிட்டார். இப்போது இல்லாவிட்டால் எப்போதும் இல்லை.

ஸ்பூனைக் கீழே வைத்தார். நெற்றியில் வேர்வை அரும்பியது. வாயைத் திறந்தார், மூடினார். உதடு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது. கடைசியில் குரல் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

"என்... என் உசுரே. சூப்பு... நல்லாருக்கு."

நுவாரா தலை நிமிர்ந்தாள். கணவனின் முகத்தைப் பார்த்தாள். வேர்வை. கோணிய உதடு. குழறிய பேச்சு. மகள் சொல்லிக்கொடுத்த பாடம் வரிவரியாக ஞாபகத்துக்கு வந்தது.

"யா அல்லாஹ்!" நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "கையைத் தூக்குங்க! ரெண்டு கையையும்!"

"எதுக்கு?"

"தூக்குங்கன்னா தூக்குங்க! சிரிங்க! எனக்குப் பல்லைக் காட்டுங்க!"

லக்தர் சிரிக்க முயன்றார். பழக்கமில்லாத காரியம். வாய் ஒருபக்கம் மட்டும் விரிந்தது. அவ்வளவுதான், நுவாரா பால்கனிக்கு ஓடினாள்.

"ஃபுதில்! ஸகியா! ஓடி வாங்க! இவருக்கு வாதம் வந்திருச்சு!"

கட்டடமே படிக்கட்டில் ஏறியது. கைத்துண்டோடு ஒருவர், வாயில் சாப்பாட்டோடு ஒருவர். லக்தர், "எனக்கு ஒண்ணுமில்ல, விடுங்கய்யா!" என்று கத்தக் கத்த, இரண்டு பேர் தோளிலும் இரண்டு பேர் காலிலுமாகத் தூக்கிக் கீழே கொண்டுவந்து டாக்ஸியின் பின்சீட்டில் கிடத்தினார்கள்.

"கோவமாப் பேசுறாரு," என்றாள் ஸகியா, நுவாராவுக்கு ஆறுதலாக. "பேச்சு திரும்பிட்டது. நல்ல அறிகுறி."

ஃபுதில் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு நகரத்துக்குள் பறந்தார். நுவாரா கணவனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு குர்ஆன் வசனங்களை முணுமுணுத்தபடி வந்தாள். லக்தர் எழுந்து உட்காரப் பார்க்கும்போதெல்லாம் நெற்றியில் கை வைத்து அழுத்திவிட்டாள். நான்காவது முறைக்குப் பிறகு அவர் விட்டுவிட்டார். அந்த மடியில் படுத்திருப்பது அப்படியொன்றும் மோசமாக இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அதை வெளியே சொல்கிற நிலைமையில் அவர் இல்லை.

அவசரப் பிரிவில் பணியில் இருந்தவர் ஒல்லியான இளம் டாக்டர். லக்தரின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், தன் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது.

"என்ன அறிகுறி பாத்தீங்கம்மா?"

"சாப்பிட்டுட்டிருந்தார் டாக்டர். வேர்த்துது. வாய் கோணிச்சு."

"அப்புறம்?"

நுவாரா சுற்றிலும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். ஆனால் பதற்றத்தில் அது தாழவில்லை. "என்னை 'என் உசுரே'ன்னு கூப்பிட்டார்."

டாக்டரின் பேனா நின்றது. "அப்புறம்?"

"அவ்வளவுதான் டாக்டர். கல்யாணம் ஆனதுலருந்து ஒருநாள் இப்படிப் பேசினதில்ல. மூளைல எதோ வெடிச்சிருச்சு."

யார் முதலில் சிரித்தது என்று பிறகு பலமுறை விவாதம் நடந்தது. ஃபுதில்தான் என்று ஸகியா சொல்வாள். காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த மீனவர்தான் என்று ஃபுதில் சொல்வார். எப்படியோ, ஒரு நொடியில் அறை முழுக்கச் சிரித்தது. நர்ஸ் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு, "ஹாஜி, இது வாதமா, வேற எதாவதா?" என்றார்.

லக்தர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். காது நுனிவரை சிவந்திருந்தது. "வாதமுமில்ல, ஒண்ணுமில்ல. மனசாரத்தான் சொன்னேன். போதுமா?"

இன்னொரு அலை சிரிப்பு எழுந்தது. ஆனால் நுவாரா சிரிக்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நர்ஸ்தான் கவனித்தாள். "அம்மா, உக்காருங்க, உக்காருங்க!" அழுத்தம் பார்த்தார்கள். நூற்று எண்பதைத் தாண்டியிருந்தது. சிரிப்பு சட்டென்று நின்றது. லக்தர் கட்டிலிலிருந்து குதித்து இறங்கினார், நுவாராவை அதே கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அமைதியாக இருக்கட்டும் என்று திரையை இழுத்துவிட்டுப் போனாள் நர்ஸ்.

திரைக்குள் இருவர் மட்டும். லக்தர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நுவாராவின் கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது.

"என்ன பொம்பள, எனக்குத்தான் ஒண்ணுமில்லையே. எதுக்கு அழுற?"

"சாகப்போறீங்கன்னு நெனச்சேன். சாகப்போறவங்கதான் கடைசில இப்படிப் பேசுவாங்க. உங்களுக்கு என்னைப் பார்த்து அப்படிச் சொல்ல எப்படி மனசு வந்திருக்கும்?"

"ஏன் வராது?"

நுவாரா திரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான்தான் உங்களுக்குப் பிடிச்சு வந்தவ இல்லையே."

"யார் சொன்னது?"

"கல்யாணத்தன்னிக்கே கேட்டேன். உங்க அத்தை பக்கத்து ரூம்ல சொல்லிட்டிருந்தாங்க. 'பையன் மனசுல இருந்தது அவன் மாமா பொண்ணு ஃபரீஸா. என்ன செய்றது, இதுதான் அமைஞ்சது'ன்னு. கைல மருதாணி காயலை அப்போ. நான் என்ன பண்ணட்டும்? நல்ல மனுஷன், கடமையைச் செய்றார், அது போதும்னு இருந்துட்டேன். நீங்க பேசாம இருக்கும்போதெல்லாம் அவங்களத்தான் நெனச்சிட்டிருக்கீங்கன்னு நெனப்பேன்."

இத்தனை காலம். ஒரே கூரையின் கீழே, ஒரே போர்வைக்குள், இவள் இதைச் சுமந்துகொண்டு ரொட்டி தட்டியிருக்கிறாள். வெந்நீர்ப் பையைக்கூடக் கடமை என்று எண்ணித்தான் முழங்காலில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஃபரீஸாவா!" என்றார். குரல் கட்டுக்கடங்காமல் எழும்பியது. "அவ என்னைவிட ஒரு சாண் உயரம்! சின்ன வயசுல என்னைத் தூக்கி முள்ளுச்செடில போட்டவ! அத்தைக்குத்தான் அவளக் கட்டிவைக்கணும்னு ஆசை, எனக்கில்ல. உன்னை நான் எங்க பாத்தேன்னு தெரியுமா?"

"எங்க அண்ணன் சொல்லி உங்கம்மா வந்தாங்க."

"உங்கண்ணனும் சொல்லல, ஒருத்தரும் சொல்லல. ஆலை பஸ்ஸுக்கு நின்னிட்டிருந்தேன். நீ தலைல மாவுத்தட்டோட ரொட்டி சுடுற பொது அடுப்புக்குப் போயிட்டிருந்தே. ஒரு லாரிக்காரன் சேத்த வாரி உன் மேல அடிச்சிட்டான். தட்டை இறக்கிக் கீழ வெச்சே, லாரி முன்னாடி போய் நின்னே, அவனைத் திட்டினே பாரு! அவன் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டுட்டு, தட்டை எடுத்து உன் தலைல வெச்சுட்டுப் போனான். நான் பஸ்ஸ விட்டுட்டேன். அன்னிக்கு வேலைக்கே போகல."

நுவாரா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"உங்கப்பா முதல்ல முடியாதுன்னார். ஆலைல வேலை செய்றவனுக்குக் குடுக்க மாட்டேன்னார். எங்கம்மாவ மறுபடி அனுப்பினேன். மறுபடியும் முடியாதுன்னார். எங்கம்மா செருப்பக் கழட்டிப் போட்டுட்டு, இனி நீயே போடான்னு உக்காந்துட்டாங்க. கால்ல விழுந்து கெஞ்சி இன்னொருதரம் அனுப்பினேன். உன்னைத் தவிர யாரையும் நான் பாக்கவே இல்ல, நுவாரா."

பெயர் வந்துவிட்டது. எந்த ஒத்திகையும் இல்லாமல், எந்த எலும்பும் சிக்காமல்.

"இதை ஏன் ஒருநாளும் சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எப்படித் தெரியும்? செருமலை வெச்சா?"

லக்தர் அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டார். அந்தக் கை சில்லிட்டிருந்தது. அதை அவர் விடவில்லை. கட்டைவிரலால் அவள் விரல் கணுக்களை மெல்லத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நுவாரா கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு சீரானது. இடையில் ஒருதரம் கண்ணைத் திறக்காமலே, "அந்த லாரிக்காரன் திக்குவாயன்," என்றாள். "மன்னிப்பக் கேட்டு முடிக்கவே பாதி நாள் ஆச்சு." இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது.

நர்ஸ் திரையை விலக்கிக்கொண்டு வந்து மறுபடி அழுத்தம் பார்த்தாள். நன்றாக இறங்கியிருந்தது. இணைந்திருந்த கைகளைப் பார்த்தாள். "மாத்திரை வேலை செஞ்சுதா, கை வேலை செஞ்சுதான்னு எனக்குத் தெரியல. ரெண்டையும் நிறுத்தாதீங்க."

திரைக்கு வெளியே அறை சந்தேகப்படும் அளவுக்கு நிசப்தமாக இருந்தது. ஃபுதில், ஸகியா, கால்கட்டு மீனவர், யாருக்கோ துணைக்கு வந்திருந்த இரண்டு கிழவிகள் எல்லோரும் திரையை ஒட்டியே நின்றிருந்தார்கள். ஒரு கிழவி அடக்க முடியாமல் நாக்கைச் சுழற்றிக் கல்யாண வீட்டுக் குலவை ஒன்றைப் போட்டாள். டாக்டர் ஓடி வந்து, "இது ஆஸ்பத்திரிம்மா!" என்றார். "அதனால என்ன? கல்யாணம் நடந்திருக்கே," என்றாள் கிழவி.

எதிர்பார்த்தபடியே மாலைக்குள் கதை துறைமுகத்துக்குப் போய்விட்டது. காபிக்கடையில் லக்தர் நுழைந்தால், "வாங்க என் உசுரே!" என்று ஒரு மூலையிலிருந்து குரல் வரும். "வாதம் எப்படி இருக்கு? தொத்து வியாதியாமே!" என்று இன்னொரு மூலை. முதல் வாரம் லக்தர் பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு ஒருநாள், "ஆமா, தொத்திக்கத்தான் செய்யும். உன் வீட்டுலயும் போய்ச் சொல்லிப் பாரு. தைரியம் இருந்தா," என்றார். கொஞ்சநாள் கழித்து, கேலி செய்தவன் தனியாக வந்து, "எப்படி ஆரம்பிச்சீங்க ஹாஜி?" என்று காதோடு கேட்டான். "சூப்புலருந்து ஆரம்பி," என்றார் லக்தர். "ஆனா அவளுக்கு முன்கூட்டியே சொல்லிடு, டாக்ஸி செலவு மிஞ்சும்."

வீட்டில் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. பாதி நாள் பழைய செருமலே முதலில் வரும். அப்போது நுவாரா திரும்பவே மாட்டாள். "யாரோ இருமுறாங்க. மருந்து வேணும்போல," என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். லக்தர் தோற்றுப்போய், "நுவாரா, ஒரு காபி குடு கண்ணு," என்பார். காபி வரும்போது அவளுடையதும் சேர்ந்து வரும். பால்கனியில் இருவரும் உட்கார்ந்து குடிப்பார்கள். ஆரம்பத்தில் பேசுவதற்கு விஷயமே இல்லை என்று தோன்றியது. பிறகு விஷயங்கள் கிளம்பின. கிரேனின் கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் மழை எப்படி வரும் என்று அவர் சொன்னார். ஸிஹாம் பிறந்த அன்று பயத்தில் தான் யாரைத் திட்டினேன் என்று அவள் சொன்னாள்.

"என்னையா?"

"உங்களையும், உங்க பரம்பரையையும்."

ஒருநாள் நுவாராவே ஒப்புக்கொண்டாள். "உங்களை மட்டும் குத்தம் சொல்லிட்டேன். நான் மட்டும் என்னத்த சொன்னேன்? வெந்நீர்ப் பை வெக்கிறீங்களே, அந்த நேரமெல்லாம் தூங்குற மாதிரிக் கிடப்பேன். தூங்கல. போர்வைக்குள்ள சிரிச்சிட்டிருப்பேன்."

"கேடி!" என்றார் லக்தர். அன்று முழுக்க அவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

டாக்டர் ரிம் சொன்னபடி மாலையில் நடக்க ஆரம்பித்தார்கள். கடலோரச் சாலையில், கைகோத்தபடி. முதலில் அவர் இரண்டடி முன்னால் போவார், பழக்க தோஷம். நுவாரா அங்கேயே நின்றுவிடுவாள். அவர் திரும்பி வந்து கையைக் கோத்துக்கொண்டு போவார். நடந்து வந்த களைப்பில் அவளுக்குத் தூக்கம் வந்தது. சாப்பிட்டபின் நெஞ்சைக் கரிக்கிற தொல்லை ஒன்று அவருக்கு வெகுநாளாக இருந்தது; அதுவும் எங்கே போனதென்றே தெரியவில்லை.

கோடை பிறந்தபோது டாக்டர் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு ஒரு மாத்திரையை நிறுத்தினாள். "நடக்கிறீங்க, உப்பக் குறைச்சிருக்கீங்க, தூங்குறீங்க. நல்லா இருக்கு. வீட்டுல பேச்சு?"

"வாயை மூடுறதில்ல டாக்டர்," என்றாள் நுவாரா. "காது வலிக்குது. அதுக்கு எதாவது மாத்திரை இருந்தா குடுங்க."

லக்தர் எதிர் நாற்காலியில் சிரித்துக்கொண்டிருந்தார், இரண்டு பக்கமும் வாய் விரிய.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஸிஹாம் சொல்லாமல் கொள்ளாமல் அம்மாவைப் பார்க்க வந்தாள். வீடு பூட்டியிருந்தது. அடித்துப் பிடித்துக் கீழே வந்து ஃபுதிலின் கதவைத் தட்டினாள்.

"மாமா, அம்மாக்கு எதாவதா? ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்களா?"

"ஆஸ்பத்திரியா? உங்கம்மாவும் அப்பாவும் கடற்கரையில இருக்காங்க. தெனமும் இந்த நேரம் அங்கதான். போய்ப் பாரு, ஊரே பாக்குது."

ஸிஹாம் கடற்கரைக்குப் போனாள். குடைகளுக்கும் பந்து விளையாடுகிறவர்களுக்கும் நடுவே தேடினாள். தண்ணீர் விளிம்பில் கண்டுபிடித்தாள். அப்பா கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஒரு கையில் அம்மாவின் செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு கை அம்மாவின் இடுப்பைச் சுற்றியிருந்தது. ஸிஹாமுக்குத் தெரிந்து கடலில் கால் நனைத்தே இராத அம்மா, அங்கியின் ஓரம் நனைய நனைய, அலை வரும்போதெல்லாம் கூச்சலிட்டுக்கொண்டு அவர் மேல் சாய்ந்தாள். அப்பா அவள் காதில் என்னவோ சொன்னார். அம்மா அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு, நிற்க முடியாமல் சிரித்தாள்.

"என்னம்மா இது!" என்றாள் ஸிஹாம், கிட்டே போய். "வீட்டுல பூட்டு தொங்குது, ஃபோன எடுக்கல, பயந்தே போயிட்டேன். அப்படி என்ன சொன்னார் அப்பா?"

நுவாரா மகளைக் கட்டி முத்தமிட்டாள். முகம் உப்புநீரில் பளபளத்தது.

"உனக்கு எதுக்கு? உன் வீட்டுக்காரன்கிட்டப் போய்க் கேளு, அவனும் எதாவது சொல்வான்," என்றாள். அதற்குள் பெரிய அலையொன்று வந்து மூன்று பேரையும் இடுப்புவரை நனைத்தது. லக்தரின் கையிலிருந்த செருப்பில் ஒன்று நழுவி விழுந்து தண்ணீரோடு போனது. அவர் கண்டுகொள்ளவில்லை. மனைவியையும் மகளையும் பிடித்துக்கொண்டு நின்றார்.